கைபேசிக்குள் கடைவீதி: வழி யாருக்குச் சொந்தம்?



வணிகம் செய்து பொருளீட்டிய ஒருவர், அதில் ஒரு பகுதியை வணிகத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கென்றே ஒதுக்கி வைத்துப் போயிருக்கிறார். அப்படிப்பட்ட அறக்கட்டளையின் மேடையில் பேச அழைத்தமைக்கு நன்றி.

கைபேசியும் சமூக ஊடகமும் வணிகத்தை எப்படி மாற்றியிருக்கின்றன என்று பொதுவாகத்தான் தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதை மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொண்டேன். பொருள் செய்கிறவர் வாங்குகிறவரை எந்த வழியாகச் சென்றடைகிறார்? அந்த வழி யாருக்குச் சொந்தம்? அதில் போக அவர் என்ன விலை கொடுக்கிறார்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைபேசி, சிறு வணிகருக்கு இதுவரை இல்லாத ஒரு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், இனி இடைத்தரகரே கிடையாது என்று சொல்கிறார்களே, அதை ஏற்க மாட்டேன். தரகர் இருக்கிறார்; ஆள்தான் மாறியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமல் தொழில் நடத்துகிறவர் லாபத்தை எங்கே தொலைத்தோம் என்று தேடிக்கொண்டே இருப்பார்.

1. காலிப் பாக்கெட் சொன்ன செய்தி

பழைய வழி எப்படி இருந்தது என்பதற்கு நம் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. 1983-இல் சி.கே. ரங்கநாதன் கடலூரில் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கு அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணனே முன்னோடி. பாட்டில் வாங்க முடியாதவரும் ஒரு தலைக்குளியலுக்கு ஒரு பாக்கெட் வாங்கலாம் என்பது அந்த யோசனை.

பொருள் தயார். ஆனால் சீயக்காய்த் தூள் போட்டுக் குளிக்கிற ஊருக்கு அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கிராமம் கிராமமாகப் போனார்கள். பையன்களை உட்காரவைத்துத் தலையில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்து ஒரு திட்டம் வந்தது. எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டானாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். பழக்கம் ஏற்பட்ட பிறகு பழகியவரைத் தக்கவைக்கும் வழி அது.

வணிகவியல் மாணவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்கியவர் யார் என்று தெரிந்துகொள்ள அன்றைய நிறுவனத்திடம் எந்தக் கருவியும் இல்லை. ஸ்டாக்கிஸ்டுக்கு எத்தனை பெட்டி போனது என்று தெரியும். சேல்ஸ்மேன் சொன்னால் எந்தக் கடையில் ஓடுகிறது என்று தெரியும். கடைக்காரருக்கு அப்பால் இருட்டு. திரும்பி வந்த காலிப் பாக்கெட்தான் வாடிக்கையாளரிடமிருந்து கிடைத்த ஒரே கடிதம்.

அன்றைய மற்ற வழிகளும் அப்படியே. சுவரில் எழுதினார்கள். கொட்டகையில் இடைவேளைக்கு ஸ்லைடு போட்டார்கள். இலங்கை வானொலியில் விளம்பரம் கொடுத்தார்கள். 1975-இல் சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது. 1993-இல் சன் டிவி வந்தது. தொலைக்காட்சி எல்லாருடைய வீட்டுக்குள்ளும் போனது, ஆனால் பத்து விநாடிக்கு இவ்வளவு என்று விலை வைத்தது. அந்த விலை கட்டுபடியானவர் மட்டுமே உள்ளே போனார். திருநெல்வேலியில் ஒரு தெருவுக்கு அல்வா விற்கிறவர், தமிழ்நாடு முழுவதற்குமான விளம்பரத்தை வாங்கி என்ன செய்வார்?

2. எடுக்காத அழைப்பு

கைபேசி இந்த நிலையை மாற்றியது ஸ்மார்ட்போன் வந்த பிறகுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே, பட்டன் போன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. தொடக்கம், நம் மக்களின் சிக்கன புத்தியில் பிறந்த ‘மிஸ்டு கால்’.

மிஸ்டு கால் கொடுத்தால் காசு போகாது. ஆனால் எதிர்முனையில் எண் பதிவாகிவிடும். இந்த ஒன்றை வைத்து 2010-இல் பெங்களூரில் ஜிப்டயல் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. விளம்பரத்தில் ஓர் எண் இருக்கும்; நீங்கள் மிஸ்டு கால் கொடுப்பீர்கள்; நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ அழைப்போ அனுப்பும். 2015 சனவரியில் ட்விட்டர் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது இந்துஸ்தான் யூனிலீவர். பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் மின்சாரம் மணிக்கணக்கில் இருக்காது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளும் குறைவு. விளம்பரக்காரர்களின் அகராதியில் அவை ‘ஊடக இருட்டு’ப் பகுதிகள். ஆனால் அங்கேயும் கையில் போன் இருந்தது. 2013-இல் ‘கான் கஜூரா தேசன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். 15 நிமிடம் பாட்டும் நகைச்சுவையும் ஓடும். நடுநடுவே அவர்களுடைய சோப்பு, கிரீம், பவுடர் விளம்பரங்கள் வரும். போனே வானொலி ஆனது. 2014-இல் பிரான்சின் கான் நகரில் நடந்த விளம்பர விழாவில் அதற்குத் தங்க விருதுகள் கிடைத்தன.

விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கிராமத்தார், கேட்க விரும்பித் தாமே அழைத்தார்கள். சுவர் விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத ஒரு சம்மதம் அதில் இருந்தது. கூடவே, எந்த எண், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் கேட்டது என்ற கணக்கும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடைக்காரருக்கு அப்பால் இருந்த இருட்டு அப்போது விலகத் தொடங்கியது. சம்மதமும் கணக்கும் அன்று ஒன்றாக வந்தன. பின்னால் கணக்கு வளர்ந்த வேகத்தில் சம்மதம் வளரவில்லை.

3. இளம்பிள்ளையிலிருந்து நேராக

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. டேட்டாவை அளந்து அளந்து செலவழித்த நாடு வீடியோ பார்க்க ஆரம்பித்தது. அதே ஆண்டில் யுபிஐ வந்தது. படம் பார்க்கவும், பேரம் பேசவும், பணம் கட்டவும் ஒரே கருவி போதும் என்றாயிற்று.

இதனால் என்ன நடந்தது என்பதற்குச் சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையைப் பாருங்கள். சேலைக்குப் பேர்போன ஊர். முன்பு தறியிலிருந்து இறங்கிய சேலை மொத்த வியாபாரிக்குப் போகும், அவரிடமிருந்து நகரத்துக் கடைக்குப் போகும், அங்கிருந்துதான் வாங்குகிறவர் கைக்கு வரும். இன்று உற்பத்தியாளர் சேலையை விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். குழுவில் இருப்பவர்கள் ரீசெல்லர்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே விற்கிற பெண்கள். அவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து, ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் அதே படத்தைப் போடுகிறார்கள். வாங்குகிறவர் கூகுள் பே ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புகிறார். சேலை இளம்பிள்ளையிலிருந்து நேராகக் கூரியரில் போகிறது. ரீசெல்லர் அந்தச் சேலையைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார். முதல் இல்லை, கடை வாடகை இல்லை, தேங்கும் சரக்கும் இல்லை.

இந்த வியாபாரத்துக்கென்று ஒரு சட்ட திட்டமும் வழக்கத்தில் உருவாகிவிட்டது. ‘கேஷ் ஆன் டெலிவரி இல்லை’, ‘பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் டேமேஜ் புகார் ஏற்கப்படாது’, ‘கலர் லைட்டிங்கில் சற்று மாறித் தெரியலாம்.’ முகம் தெரியாதவரோடு வியாபாரம் செய்ய நம்பிக்கைக்குப் பதிலாக எழுதப்பட்ட விதிகள் இவை. இந்த வழக்கத்தையே ஒரு செயலியாக்கி 2015-இல் தொடங்கியதுதான் மீஷோ.

ஊடகத்திலும் இதே திருப்பம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் திறந்தவெளியில் சமைப்பதை 2018-இல் யூடியூபில் போடத் தொடங்கினார்கள். 2021 சூலையில் அந்த வில்லேஜ் குக்கிங் சேனலின் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டிய சேனல் அதுதான். எந்த டிவி நிலையத்தின் படியும் அவர்கள் ஏறவில்லை.

இவையெல்லாம் மெய்யான ஆதாயங்கள். ஆனால் இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு தேதி உண்டு: 2020 சூன் 29. அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடைக்கான காரணத்தை இங்கே விவாதிக்கப் போவதில்லை. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்து, அவர்களை நம்பித் தொழில் வைத்திருந்தவர்கள், விடிந்தபோது ஒருவரைக்கூட அழைக்க வழியில்லாமல் நின்றார்கள். பார்வையாளர்களின் பெயரோ எண்ணோ அவர்களிடம் இல்லை. சூலை முதல் பாதியிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் இறக்கியது. எல்லாரும் அங்கே போய் முதல் ஆளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

4. புதிய சுங்கச்சாவடி

இப்போது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு வருகிறேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு கடைக்குப் பக்கம் தொடங்கக் காசு வேண்டாம். தொடக்க ஆண்டுகளில், பக்கத்தை விரும்பியவர்களில் நல்ல பங்கினருக்குப் பதிவுகள் போய்ச் சேர்ந்தன. கடைகள் தங்கள் பலகையிலும் பில்லிலும் ‘எங்களை ஃபேஸ்புக்கில் பின்தொடருங்கள்’ என்று அச்சடித்து, ஃபேஸ்புக்குக்கு இலவசமாக ஆள் சேர்த்துக் கொடுத்தன. ஆள் சேர்ந்த பிறகு வரத்து குறைந்தது. 2018 சனவரியில், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு மேல், தன் வாடிக்கையாளரிடமே பேச வேண்டுமானால் கடைக்காரர் காசு கட்ட வேண்டும். சாலை அகலமானதுதான், அதன் நடுவே சுங்கச்சாவடி வந்துவிட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வருவாயில் 100-க்கு 97-க்கும் மேல் விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

சுங்கம் எப்படி வசூலாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் திரையை மேலே தள்ளும் ஒவ்வொரு முறையும், அந்த இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் கேட்டவர் தானாக ஜெயிப்பதில்லை. கேட்ட தொகை, நீங்கள் அந்த விளம்பரத்தைத் தொடுவதற்கான வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் ஆகியவற்றைச் சேர்த்து இயந்திரம் முடிவு செய்கிறது. வாய்ப்பை மதிப்பிட, நீங்கள் முன்பு எதைப் பார்த்தீர்கள், எதில் நின்றீர்கள், எதை வாங்கினீர்கள் என்ற தகவல் வேண்டும். ஒரு வணிகர் தன் பழைய வாடிக்கையாளர்களின் எண்களைக் கொடுத்தால், அவர்களைப் போன்ற இன்னும் பல ஆயிரம் பேரை இயந்திரம் தேடிக் கொடுக்கும். கையில் சில நூறு ரூபாயே உள்ள ஊறுகாய்க்காரரும் இதில் கலந்துகொள்ளலாம். தொலைக்காட்சி தராத வாய்ப்பு இது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய நிறுவனங்களெல்லாம் ஏலத்துக்கு வந்துவிடும், விலை ஏறும், ஊறுகாய்க்காரர் வெளியே நிற்பார்.

இந்தச் செலவு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மாமாஎர்த் நல்ல எடுத்துக்காட்டு. இணையத்திலேயே பிறந்து வளர்ந்த பிராண்ட் அது. அதன் தாய் நிறுவனம் ஹோனாசா, பங்குச் சந்தைக்கு வந்தது 2023 நவம்பரில். அதற்கு முந்தைய நிதியாண்டில் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விளம்பரத்துக்கே போயிருந்தது. ஸ்டாக்கிஸ்டுக்கும் கடைக்காரருக்கும் கமிஷன் கொடுக்காமல் தப்பலாம் என்று கிளம்பும் பிராண்டுகள் அந்தப் பணத்தை, சில வேளைகளில் அதைவிட அதிகமாகவே, திரைக்குக் கட்டுகின்றன. கடைசியில் மாமாஎர்த்தும் சாதாரணக் கடைகளின் அலமாரியைத் தேடி வந்தது.

சாவடிக்காரரும் பாதுகாப்பாக இல்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள், செயலிகள் ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஐபோனில் விதி கொண்டுவந்தது. அதனால் 2022-இல் தன் வருவாய் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் குறையும் என்று மெட்டாவே சொன்னது. சாலைக்குச் சொந்தக்காரர் என்று நாம் நினைப்பவருக்கும் மேலே இன்னொரு சொந்தக்காரர்.

5. வாடிக்கையாளர் திருப்பிப் பேசும்போது

பழைய விளம்பரம் ஒரு திசையில் போனது. இன்று மறுமொழி உடனே வருகிறது. அதற்கு 2015-இன் மேகி நூடுல்ஸ் விவகாரம் பாடம். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரிகளில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் செய்தி வந்தது. அதைத் தயாரிக்கும் நெஸ்லே, தன் பரிசோதனை முடிவுகளை நம்பி, தொடக்கத்தில் அதிகம் பேசவில்லை. நிறுவனம் மௌனமாக இருந்த நாட்களில் கைபேசிகள் பேசிக்கொண்டிருந்தன. சூன் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேகியைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நவம்பரில் மேகி மீண்டும் வந்தது. அப்போது ஸ்னாப்டீல் தளத்தில் வைத்த 60,000 மேகி பெட்டிகள் ஐந்தே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. வதந்தி பரப்பிய அதே கைபேசிதான் வரிசையில் முந்தி நின்று வாங்கவும் செய்தது. அந்த நிமிடங்களில் வேலை செய்தது விளம்பரம் அல்ல, பல ஆண்டுப் பழக்கம்.

கேட்பவருக்கு ஏற்பப் பேசும் திறனை நல்லதற்கும் பயன்படுத்தலாம். 2021 தீபாவளிக்குக் கேட்பரி ஒரு விளம்பரம் செய்தது. தெருமுனைக் கடைக்காரர் ஒரு தளத்தில் தன் கடைப் பெயரைப் பதிந்தால், செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஷாருக்கான் அந்தக் கடைப் பெயரைச் சொல்லி அழைப்பது போன்ற வீடியோ அவருக்குக் கிடைத்தது. அதை அவர் தன் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டார். பெருந்தொற்றில் நொடித்த கடைகளுக்கு அது கைகொடுத்தது. கேட்பரிக்கும் பெயர் வாங்கித் தந்தது. அதே நுட்பம் மோசடிக்காரர் கையில் என்ன ஆகும் என்பதை, பிரபலங்களின் போலி முதலீட்டு விளம்பரங்களில் இன்று பார்க்கிறோம்.

6. சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பாராட்டும் இன்ஃப்ளூயன்சர், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2021-இல் விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது. அது தொழில்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும்.

2023 நவம்பரில் திரையில் செய்யும் தந்திரங்களுக்குத் தடை வந்தது. ‘இன்னும் இரண்டே மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவைப்பது என 13 வகைகளை அது பட்டியலிட்டது. அதே ஆண்டு மே மாதம், பில் போடக் கைபேசி எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் தெளிவாகப் பெறப்பட வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம். வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் உரிமையாளரான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

ஆனாலும் நம் கடைவீதியில் நடப்பது என்ன? துணிக்கடை பில்லிங் கவுண்டரில் எண் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறோம். ஆடி மாதம் வந்தால் கேட்காத குறுஞ்செய்திகள் வரிசையாக வருகின்றன. 1909-க்கு ஒரு செய்தி அனுப்பினால் விளம்பரத் தொல்லையை நிறுத்தக் கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பீகார் கிராமத்தார் மிஸ்டு கால் கொடுத்துத் தாமாகத் தந்த சம்மதத்துக்கும், பில் போடும் அவசரத்தில் நாம் உளறிவிட்டு வரும் பத்து இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை வணிகர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

முடிவாகச் சில சொற்கள்.

தொழில் நடத்துகிறவர்களுக்கு: இன்ஸ்டாகிராமில் இருங்கள், யூடியூபில் இருங்கள், தேவையானால் ஏலத்திலும் கலந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் உங்களிடமே இருக்கட்டும். பெயர், எண், எதை வாங்கினார், செய்தி அனுப்பச் சம்மதித்தாரா என்பதைச் சொந்தமாக எழுதி வையுங்கள். ஒரு தளம் நாளைக்கே மூடினாலும் அந்தப் பட்டியல் உங்களோடு இருக்கும். விளம்பரச் செலவைத் தனிக் கணக்காக எழுதுங்கள். புது வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க எவ்வளவு ஆனது, அவர் இரண்டாம் முறை வந்தாரா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள். இரண்டாம் முறை வராதவருக்காகக் கட்டிய பணம் சுங்கம் மட்டுமே.

வாங்குகிறவர்களுக்கு: கடையில் கைபேசி எண் கட்டாயம் என்று கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேளுங்கள். எண் கொடுக்காமல் பில் வாங்குவது உங்கள் உரிமை.

மாணவர்களுக்கு: விளம்பர வீடியோ எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். தளங்களின் நிபந்தனைகளைப் படித்து, ஏலக் கணக்கைப் பிரித்து, நம் ஊர்ச் சிறு வணிகருக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. இளம்பிள்ளைக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் அப்படிப்பட்டவர்கள் உடனடியாகத் தேவை. இந்தக் கல்லூரியின் வணிகவியல் துறையிலிருந்து ஆண்டுக்குச் சிலராவது அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதே இந்த மேடையில் நான் வைக்கும் வேண்டுகோள்.